தேயிலைப் பெட்டி மேல் முனகிய ஹார்ட் டிஸ்க்

இலங்கை மலையகத்தில் கொட்டகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு சத்தம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. கீழே ஓடை, தகரத்தில் சொட்டும் பனித்தண்ணீர், எப்போதாவது தலவாக்கலைப் பக்கம் ஏறிப் போகிற ரயில், அவ்வளவுதான். 2018 மார்கழியில் அந்த அமைதிக்குள் ஒரு முனகல் வந்து சேர்ந்தது. "ஊ…ம்… ஊ…ம்…" என்று ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். விடிந்ததும் பக்கத்துக் காம்பிரா (லயன் வீடு) அக்கா இஸ்தோப்பில், முன் திண்ணையில், நின்றபடி கேட்டார்: "ராத்திரி பூரா பெட்டிக்குள்ள வண்டு கத்துன மாதிரி இருந்துச்சே தம்பி, என்னா அது?"

அது நான் கொழும்பிலிருந்து வாங்கி வந்த இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள். மூன்றரை அங்குலம், நிமிடத்துக்கு 7200 சுற்று, தலைக்கு 4 டெராபைட். கல்யாண வீடு, சடங்கு வீடு, கோயில் திருவிழா என்று தோட்டம் தோட்டமாகப் போய்ப் படமும் வீடியோவும் எடுப்பது என் தொழில். அதோடு ஒவ்வொரு மாசி மாதமும் மன்மதன், ரதி கதையை ஆடிப் பாடுகிற எங்கள் பக்கத்துக் காமன் கூத்துகளைப் பதிவு செய்து வைக்கிறேன். யாரும் காசு கொடுத்துச் செய்யச் சொன்ன வேலை இல்லை. கூத்துக்குத் தப்பு என்கிற பறை அடிக்கிற பெரியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். ரதியின் புலம்பலை முழுசாகப் பாடத் தெரிந்தவர்கள் இன்னும் குறைவு. அதெல்லாம் இந்த டிஸ்க்குகளில்தான் இருக்கிறது. அதனால் எனக்கு இது வெறும் சத்தப் பிரச்சினை இல்லை.

வெள்ளவத்தையில் மச்சான் வீட்டில் போட்டுப் பார்த்தபோது இரண்டும் சத்தமே இல்லாமல் ஓடின. மலைக்கு வந்ததும் இப்படி. கேட்டவர்கள் எல்லோரும் ஒரே காரணத்தைச் சொன்னார்கள். ஹட்டனில் கம்ப்யூட்டர் திருத்துகிற நண்பர் தொடங்கி, கொழும்பில் வேலை செய்து லீவுக்கு வந்திருந்த தம்பிமார் வரை, "மேல காத்து கம்மி அண்ணே, அதுல டிஸ்க் திணறுது" என்றார்கள். எனக்கும் சரியாகத்தான் பட்டது. நுவரெலியாவுக்கு பஸ்ஸில் ஏறும்போது காது அடைக்கிறது, சிப்ஸ் பக்கெட் பலூன் மாதிரி ஊதிக்கொள்கிறது. நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேக நேரம் எடுக்கிறது. டிஸ்க்குக்கு மட்டும் ஒன்றும் ஆகாதா? அந்த நம்பிக்கையோடு நான்கு மாதம் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன். அந்த நான்கு மாதத்தில்தான் செய்யக்கூடாத ஒன்றையும் செய்தேன்.

முதலில் காற்று விஷயம். இதை நான் பிறகுதான் ஒழுங்காகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஹார்ட் டிஸ்க் என்பது காற்றை நம்பி ஓடுகிற இயந்திரம். உள்ளே தட்டு சுழலும்போது அதன் மேற்பரப்போடு ஒட்டிய காற்றும் சேர்ந்து சுழல்கிறது. எழுதிப் படிக்கிற முனை அந்தக் காற்றின் மேல் மிதக்கிறது. தட்டுக்கும் முனைக்கும் நடுவே இருக்கிற இடைவெளி சில நானோமீற்றர். தலைமுடி ஒன்றின் தடிப்பே பல பத்தாயிரம் நானோமீற்றர் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க் இயந்திரத்தில் இந்தக் காற்றை கம்ப்ரசர் வைத்துக் குழாய் வழியாக முனைக்கு ஊத வேண்டியிருந்தது. இப்போதைய டிஸ்க்குகளில் தட்டின் வேகமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

அதனால் காற்று மெலிந்தால் முனை தாழ்ந்து பறக்கும் என்பது உண்மைதான். அளவுக்கு மிஞ்சி மெலிந்தால் தட்டில் உரசிவிடும். ஆனால் அந்த அளவு எங்கே இருக்கிறது? டிஸ்க் செய்கிறவர்கள் பெரும்பாலும் தருகிற எல்லை, கடல் மட்டத்துக்குக் கீழே 305 மீற்றர் முதல் மேலே 3048 மீற்றர் வரை, அதாவது 10,000 அடி. நம் தீவில் மிக உயர்ந்த பீதுருதாலகாலையே 2524 மீற்றர்தான். நுவரெலியா நகரம் ஏறக்குறைய 1870 மீற்றர். எங்கள் வீடு 1300 மீற்றர் அளவில். கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தை 100 என்று வைத்தால் எங்களுக்கு 86, நுவரெலியாவுக்கு 80, அந்த 10,000 அடிக்கு 69. ஆக, இலங்கையில் எந்த மலையில் குடியிருந்தாலும் டிஸ்க் அதன் எல்லைக்குள்தான் ஓடுகிறது. போதாததற்கு, இப்போதைய டிஸ்க்குகளில் முனைக்குள் நுண்ணிய சூடாக்கி ஒன்று இருக்கிறது. அது முனையைக் கொஞ்சம் புடைக்க வைத்தும் சுருங்க வைத்தும் இடைவெளியைச் சரிசெய்கிறது.

இன்னொன்றையும் யோசித்துப் பார்த்தேன். தட்டு காற்றைக் கிழித்துச் சுழல்வதால்தான் அந்த மெல்லிய இரைச்சல் வருகிறது. காற்று மெலிந்தால் அந்த இரைச்சல் குறைய வேண்டுமே தவிர, கூடக் கூடாது. பெரிய கொள்ளளவு டிஸ்க்குகளில் காற்றுக்குப் பதில் ஹீலியம் அடைப்பதற்கு ஒரு காரணமே அதுதான். அதன் அடர்த்தி காற்றின் ஏழில் ஒரு பங்கு, தட்டுக்கு உராய்வு குறைவு. 2013இல் இருந்து அவை கடைக்கு வருகின்றன. அப்படியென்றால் மலை ஏறியதால் என் டிஸ்க் சத்தம் போடுகிறது என்ற கதையே தலைகீழ். இதை யாராவது முதல் வாரமே சொல்லியிருந்தால் அடுத்து நடந்தது நடந்திருக்காது.

நான் செய்தது இதுதான். சத்தத்தை அடக்க, ஒரு டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் அதைத் தாங்குகிற கூட்டிலிருந்து கழற்றி, தடித்த நுரை டேப்பை அதன் முகம் முழுக்க ஒட்டி, பெட்டியின் அடித்தகட்டில் கவிழ்த்து ஒட்டிவைத்தேன். நுரைதானே, அதிர்வைக் குடித்துவிடும் என்று நினைத்தேன். கொஞ்சம் குடிக்கவும் செய்தது. இரண்டு வாரம் கழித்து கொழும்பில் ஒரு வேலை வந்தது. டேப்பைச் சட்டத்திலிருந்து மட்டும் அறுத்து, டிஸ்க்கில் ஒட்டியிருந்ததை அப்படியே விட்டு, பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வட்டவளை, கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று ஐந்து மணி நேரத்துக்குள் 1300 மீற்றர் இறக்கம்.

மச்சான் வீட்டில் மாட்டியதும் கீச்சென்று ஒரு சத்தம். மூன்று வருடம் கழித்தும் அந்தச் சத்தம் என் காதில் இருக்கிறது. உடனே வயரை இழுத்துவிட்டேன். டிஸ்க்கைக் கையில் எடுத்துத் திருப்பியபோது, டேப்பின் ஓரத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தது கண்ணில் பட்டது: இந்தத் துளையை மூடாதீர்கள்.

காற்று அடைத்த ஒவ்வொரு சாதாரண ஹார்ட் டிஸ்க்கிலும் மூச்சுத் துளை ஒன்று இருக்கிறது. உட்பக்கம் அதற்கு நுண்ணிய வடிகட்டி. வெளிக்காற்றின் அழுத்தம் மாறும்போது உள்ளழுத்தமும் அதன் வழியாகவே சமனாகிறது. அதை நான் மலையில் வைத்து அடைத்துவிட்டு, மலைக் காற்றை உள்ளே பூட்டியபடியே கடற்கரைக்குக் கொண்டுபோயிருக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கும் கொழும்புக்கும் அழுத்த வித்தியாசம் ஏறக்குறைய 140 ஹெக்டோபாஸ்கல். டிஸ்க் மூடியின் பரப்பு சுமார் 150 சதுர சென்ரிமீற்றர். துளை இறுக்கமாக அடைபட்டிருந்தால் மூடியின் மேல் வெளிக்காற்று அழுத்துகிற பாரம் 20 கிலோவுக்கும் மேல். ஒரு நாள் முழுப் பேருக்கு, அதாவது முழுச் சம்பளத்துக்கு, எங்கள் அக்காமார் எடுக்கிற கொழுந்துக்கு நிகரான பாரம் அந்த மெல்லிய தகட்டின் மேல். மூடி உள்ளே வளைந்ததா, அல்லது ஓரத்து இறப்பர் அடைப்பு வழியாக வடிகட்டாத காற்று தூசியோடு புகுந்ததா, திறந்து பார்க்காமல் சொல்ல முடியாது. திறந்து பார்க்கவும் கூடாது.

டேப்பை உரித்து, ஒட்டியிருந்த பசையைத் துளைக்குள் போகாமல் துடைத்து, ஒரு இரவு விட்டுவைத்தேன். அடுத்த நாள் ஓடியது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கிற ஸ்மார்ட் அறிக்கையில் 197ஆவது வரி, படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை, பூச்சியமாக இருந்தது 40ஐத் தாண்டியிருந்தது. கிடைத்ததை எல்லாம் உடனே வேறு டிஸ்க்குக்கு மாற்றினேன். ஒரே ஒரு கோப்பு பாதியில் நின்றது. பெரியப்பா கடைசியாகத் தப்பு அடித்த காமன் கூத்து, 40 நிமிடப் பதிவு. 29 நிமிடம் வந்தது. மிச்சம் 11 நிமிடம் வரவில்லை. அடுத்த மாசிக்குப் பெரியப்பா இல்லை.

அதனால்தான் இந்தத் துளையைப் பற்றி இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். டிஸ்க் கையில் வந்ததும் முதலில் துளை எங்கே என்று பாருங்கள். சில டிஸ்க்குகளில் மேல்மூடியில் இருக்கும், சிலவற்றில் அடிப்பக்கம். டேப், ஸ்டிக்கர், நுரை, இறப்பர் மெத்தை எதுவும் அதன் மேல் படக் கூடாது. வாங்கிய தேதி எழுதிய ஸ்டிக்கரைக்கூட சில கடைகளில் அதன் மேலேயே ஒட்டித் தருகிறார்கள். ஹீலியம் டிஸ்க்குக்கு இந்தத் துளை கிடையாது, முழுதாக அடைத்துப் பற்றவைத்தது. அதில் தேடிக் காணவில்லையே என்று பயப்பட வேண்டாம்.

சரி, அப்போ அந்த முனகல்?

அதற்கு விடை கிடைத்தது கம்பளியில். பங்குனி மாதம், மழை இல்லாத ஒரு இரவு. கம்ப்யூட்டர் பெட்டியை நகர்த்திக் கூட்ட வேண்டியிருந்தது. அம்மா கொழுந்து எடுக்க மலைக்குப் போன காலத்துப் பழைய கம்பளியை நான்காக மடித்துத் தரையில் போட்டு, ஓடிக்கொண்டிருந்த பெட்டியை மெதுவாகத் தூக்கி அதன் மேல் வைத்தேன். முனகல் நின்றுவிட்டது. டிஸ்க் ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்டேன், ஓடுகிறது. திரும்பத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்தேன், "ஊ…ம்" என்று வந்துவிட்டது. (ஓடுகிற டிஸ்க்கோடு பெட்டியை இப்படித் தூக்குவது நல்ல பழக்கம் இல்லை. நிறுத்திவிட்டுத் தூக்குங்கள்.)

பழைய இடம் எது என்று சொல்லவில்லையே. அப்பா ஃபெக்டரியில் வேலை செய்த காலத்தில் கொண்டுவந்த தேயிலைப் பெட்டி. மெல்லிய பிளைவூட், ஓரம் முழுக்கத் தகரம் அடித்தது, உள்ளே வெறும் காற்று. இப்போது தேயிலை கடதாசிப் பைகளில் போவதால் அந்தப் பெட்டிகள் வீடுகளில்தான் மிஞ்சியிருக்கின்றன, எங்கள் வீட்டில் அது மேசை. தப்பு எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்து வளர்ந்தவன் நான். மெல்லிய பரப்பு, அதைச் சுற்றி இறுக்கமான சட்டம், பின்னால் காற்று. அதே அமைப்பின் மேல்தான் இரண்டு டிஸ்க்குகளையும் உட்கார வைத்திருந்தேன்.

7200 சுற்று என்றால் நொடிக்கு 120. தட்டு எவ்வளவு சமமாகச் செய்திருந்தாலும் ஒரு துளி சமமின்மை இருக்கும், அது நொடிக்கு 120 தடவை டிஸ்க்கின் உடலை மிக மெல்ல ஆட்டும். 5400 சுற்று டிஸ்க் என்றால் 90 தடவை. டிஸ்க் தனியாக இருந்தால் அந்த ஆட்டம் காதுக்கு எட்டாது, அது சின்ன உருப்படி, காற்றை அசைக்கிற பரப்பு அதற்கு இல்லை. ஆனால் அது ஸ்குரூ வழியாகக் கூட்டுக்கு, கூட்டிலிருந்து பெட்டியின் பக்கத் தகட்டுக்கு, அங்கிருந்து பிளைவூட்டுக்கு என்று போய்ச் சேர்ந்தால் அத்தனை பரப்பும் சேர்ந்து ஒலிபெருக்கி ஆகிவிடும். ஏறி இறங்குகிற அந்த "ஊ…ம்" எங்கிருந்து வந்தது என்றால், இரண்டு டிஸ்க்கும் ஒரே வேகம் என்று எழுதியிருந்தாலும் இம்மி வித்தியாசத்தில் சுழல்கின்றன. சுருதி கொஞ்சம் விலகிய இரண்டு ஒத்துக்களை ஒன்றாக ஊதினால் நாதம் அலை அலையாக வருமே, அதேதான்.

கொழும்பில் ஏன் கேட்கவில்லை? அங்கே பெட்டி சிமெந்துத் தரையில் இருந்தது, ஜன்னலுக்கு வெளியே காலி நகருக்குப் போகிற பெரிய வீதியின் வாகன இரைச்சல். எங்கள் வீட்டில் பலகைச் சுவர், வெளியே ஒரு சத்தமும் இல்லை. டிஸ்க் மாறவில்லை, காற்றும் பழிக்கு ஆளாக வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு பொருத்துகிற விதத்தில் பல சோதனைகள் செய்தேன். முதலில் சைக்கிள் டியூப். பழைய டியூபை நாடா நாடாக வெட்டி, அகலமான மேல் கூட்டில் குறுக்கே இழுத்துக் கட்டி, டிஸ்க்கைத் தொட்டில் மாதிரித் தொங்கவிட்டேன். அப்படி ஒரு அமைதியை நான் எதிர்பார்க்கவே இல்லை. சுழல்வதே தெரியவில்லை. இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். பிறகு கல்யாணப் படங்கள், ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் உள்ள ஒரு ஃபோல்டரை நகல் எடுத்தபோது, வழக்கமாக 11 நிமிடம் ஆகிற வேலை 14 நிமிடம் ஆனது. மறுபடி பார்த்தேன், அதேதான்.

காரணம் இது. முனையைத் தாங்குகிற கை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் துள்ளும்போது, டிஸ்க்கின் உடல் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். படகிலிருந்து கரைக்குக் குதித்தால் படகு பின்னால் போகிற மாதிரி. நான்கு ஸ்குரூவால் கனமான சட்டத்தில் இறுகியிருந்தால் அந்தத் திரும்பல் சட்டத்தில் கரைந்துவிடும். தொட்டிலில் தொங்கினால் டிஸ்க்கே ஆடும், முனை தன் தடத்தைப் பிடித்து நிற்க நேரம் எடுக்கும், சில சமயம் தவறவிட்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும். ஒரு சுற்று என்பது 8 மில்லிநொடி சொச்சம். ஆயிரக்கணக்கான கோப்புகளில் அது சேர்ந்துவிடும். அதோடு சூடு. உலோகத்தில் தொட்டுக்கொண்டிருந்தபோது 38 பாகையில் இருந்த டிஸ்க், தொங்கியபோது 47 ஆனது. உயரம் உண்மையாகவே தன் வேலையைக் காட்டுகிற இடம் இதுதான். ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் மெலிந்த காற்றில் அது தள்ளுகிற காற்றின் நிறை குறைவு, நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நம் குளிர் அதைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது. ஆனால் காற்றோட்டம் இல்லாத மூடிய அலுமாரிக்குள் வைத்தால் குளிரை நம்ப முடியாது.

சைக்கிள் டியூபை அவிழ்த்துவிட்டு, கடைசியில் நிலைத்தது இந்த முறை: டிஸ்க்கை இறுக்கமாகவும், பெட்டியை மென்மையாகவும் வைப்பது. டிஸ்க் கூட்டில் நான்கு ஸ்குரூ, நான்கும். திறந்து பார்த்தபோது என் பெட்டியில் டிஸ்க்குக்கு இரண்டு ஸ்குரூதான் போட்டிருந்தார்கள், அதுவும் ஒரே பக்கத்தில். மற்றப் பக்கம் தகட்டில் தொட்டும் தொடாமலும் நடுங்கிக்கொண்டிருந்தது, முனகலுக்குள் கேட்ட ஒரு "ஜிர்" அதுதான். மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு அகலப் புரியுள்ள ஸ்குரூ, இரண்டரை அங்குலத்துக்கு மெல்லிய புரி. மாற்றிப் போட்டால் புரி அழிந்துவிடும், நீளமானதைப் போட்டால் உள்ளே இடிக்கும். கையால் முறுக்கி, குறுக்குக் குறுக்காக, எல்லாம் உட்கார்ந்த பிறகு ஒரு சின்ன இறுக்கம், அவ்வளவு போதும். டிஸ்க்கைப் படுக்க வைத்தாலும் நிமிர்த்தி வைத்தாலும் கவிழ்த்து வைத்தாலும் ஒன்றுமில்லை. படுத்துத்தான் இருக்க வேண்டும் என்று ஹட்டனில் ஒருவர் அடித்துச் சொன்னார், இப்போதைய டிஸ்க்குகளுக்கு அது பொருந்தாது.

பிறகு பெட்டிக்குக் கீழே. தேயிலைப் பெட்டியை அகற்றிவிட்டேன். கனமான எதையாவது அடியில் வைத்து, அதற்கும் கீழே மென்மையான எதையாவது வைத்தால் அதிர்வு தரைக்கு இறங்காது. கனத்துக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா குசினி மூலையைக் காட்டினார். "அந்த அம்மிக்கல்லு சும்மாதான கெடக்கு. எடுத்துக்கோ." பாட்டி அரைத்த அம்மி. எத்தனையோ கல்யாணத்தில் பெண் கால் வைத்த அம்மியைக் கேமராவில் பிடித்தவனுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அம்மா தானே துடைத்துக் கொடுத்தார். அதற்கு அடியில் தடித்த இறப்பர் துண்டுகள் நான்கு, மேலே ஒரு தட்டையான பலகை, அதற்கு மேல் கம்ப்யூட்டர். பக்கத் தகடு அதிராமல் உள் ஓரத்தில் கம்பளித் துணி ஒட்டினேன். தொட்டிலின் அமைதி இல்லை, ஆனால் பக்கத்துக் காம்பிராவில் கேட்காது. நகல் எடுக்கும் நேரம் பழைய 11 நிமிடம். சூடு 36.

சத்தம் டிஸ்க்கிலிருந்து வெளியே போவது மாதிரி, வெளியிலிருந்து டிஸ்க்குக்குள்ளும் போகும் என்பதைத் தேயிலைப் பெட்டியை அகற்றுவதற்கு முன்பே கண்டிருந்தேன். கூத்துப் பதிவுகளை எடிட் செய்யும்போது, தப்பு உச்சத்துக்குப் போகிற இடத்தில் வீடியோ விக்கிக்கொண்டே இருந்தது. கோப்பில் பிழை என்று பயந்தேன். ஹெட்ஃபோன் போட்டு ஓட்டினால் விக்கவில்லை. பெரிய ஸ்பீக்கர் அதே தேயிலைப் பெட்டியின் மேல் இருந்தது. 2008இல் பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர் சன் நிறுவனத்தின் டிஸ்க் அடுக்குக்கு முன்னால் நின்று கத்தி, அந்த நொடியில் டிஸ்க்குகள் தாமதமாவதைத் திரையில் காட்டிப் பதிவு செய்திருக்கிறார். எங்கள் வீட்டில் அதைச் செய்தது பெரியப்பாவின் தப்பு. ஸ்பீக்கரைச் சுவர்த் தட்டுக்கு மாற்றினேன், விக்கல் போய்விட்டது.

தேயிலை ஃபெக்டரிகளில் வேலை செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி ஃபெக்டரி ஆபீசில் கணக்குப் பார்க்கிறான். இரண்டு வருடத்தில் மூன்று டிஸ்க் போனது என்றான். போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர் இருந்த இரும்புத் தட்டு, கொழுந்தை உருட்டுகிற ரோலர் ஓடுகிற பக்கத்துச் சுவரில் அடித்தது. கையை வைத்தால் சுவரே நடுங்குகிறது. உள்ளே தேயிலைத் தூள் பஞ்சு மாதிரிப் படிந்து ஃபேன் அடைத்திருந்தது. எதிர்ப்பக்கச் சுவரோரம் தரையில் நிற்கிற மேசைக்கு மாற்றி, தினமும் ஓடுகிற கணக்கை எஸ்எஸ்டிக்கு மாற்றி, ஹார்ட் டிஸ்க்கை இரவில் நகல் எடுக்க மட்டும் வைத்தோம். முனையும் தட்டும் இல்லாத எஸ்எஸ்டிக்கு இந்த அதிர்வும் காற்றும் ஒரு பொருட்டில்லை. காசு இருந்தால் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் வருடம் முழுக்க எடுக்கிற வீடியோவை வைக்கிற அளவுக்கு வாங்க என் வருமானம் இடம்கொடுக்கவில்லை.

மலையிலிருந்து இறங்கும்போது இன்னொரு சங்கதி. தை மாதம் நுவரெலியாவில் விடியற்காலை பூப்பனி விழுகிற குளிரில் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு கம்பளைக்கோ கொழும்புக்கோ இறங்கினால், அங்கே ஈரக்காற்று குளிர்ந்த உலோகத்தின் மேல் தண்ணீராகப் படியும். சோடாப் போத்தல் வேர்க்கிற மாதிரி. மூச்சுத் துளை வழியாக ஈரம் மெதுவாக உள்ளேயும் போகும். அதனால் பொலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டிக்கொண்டு போங்கள். போனதும் பையை அவிழ்க்காமல் மூன்று, நான்கு மணி நேரம் விடுங்கள். டிஸ்க் அறையின் சூட்டுக்கு வந்த பிறகு மாட்டலாம். கல்யாண வீட்டுக்காரர் அவசரப்படுத்துவார், பரவாயில்லை, தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள்.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதிவைக்கிறேன். 5 (பழுதாகி மாற்றிவைத்த பகுதிகளின் எண்ணிக்கை), 197 இரண்டு வரிகளும் பூச்சியமா என்று முதலில். பிறகு 194, வெப்பநிலை. 197 ஒன்று கூடினாலும் அன்றே நகல். எல்லாப் பதிவுக்கும் இரண்டாம் பிரதி தலவாக்கலையில் அக்கா வீட்டில் இருக்கிறது, மண்சரிவு எச்சரிக்கை வருகிற மலையில் ஒரே கூரைக்குக் கீழே இரண்டையும் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரே ஒரு சத்தம் மட்டும் இன்னும் இருக்கிறது. தை மாதக் குளிரில் காலை ஐந்து மணிக்குப் போட்டால் டிஸ்க் எழும்பும்போது ஒரு மெல்லிய இழுப்பு, வேகம் பிடிக்க வழக்கத்தை விட ஒரு நொடி கூட. தட்டைத் தாங்குகிற தண்டு எண்ணெயில் சுழல்கிறது, குளிரில் அந்த எண்ணெய் தடிக்கிறது. ஐந்து பாகைக்குக் கீழே பல டிஸ்க்குகளை ஓட்டவே கூடாது என்று எழுதியிருக்கும். எங்கள் வீட்டுக்குள் அந்த அளவுக்கு இறங்குவதில்லை என்றாலும், அந்த மாதங்களில் அடுப்பு மூட்டி அறை கொஞ்சம் சூடாகும் வரை நான் போடுவதில்லை. அம்மா முதலில் தேத்தண்ணி வைப்பார். அது கொதித்து, குடித்து முடித்து, பிறகு போய் பட்டனை அழுத்துவேன்.